சேஸிஸுக்கு அடியில் சந்தனப் பொட்டு

ஓய்வு பெற்றவர்கள் எல்லாம் சேர்ந்து ஒரு மலர் போடுகிறார்களாம். அதற்கு நானும் ஒரு கட்டுரை எழுத வேண்டுமாம். இப்போது என் நாற்காலியில் இருக்கிற பெண் போன் செய்து, பொன்னான அனுபவங்களை எழுதித் தரச் சொன்னாள். படிக்க இனிமையாக இருக்க வேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னாள். பொன்னும் கிடையாது, இனிமையும் கிடையாது. இனிப்பு வேண்டுமென்றால் கடம்பூரில் இறங்கி நாலு போளி வாங்கித் தின்னலாம். என்னிடம் இருப்பது கிரீஸும் மண்ணெண்ணெயும் கொஞ்சம் வயிற்றெரிச்சலும்தான். போதுமென்றால் போடுங்கள். போதாதென்றால் அந்தப் பக்கத்தை நகைக்கடை விளம்பரத்துக்குக் கொடுத்துவிடுங்கள்.

நான் பிரேக் இன்ஸ்பெக்டராக இருந்தவள். அரசாங்கம் வைத்த பெயர் மோட்டார் வாகன ஆய்வாளர். கோவில்பட்டியில் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. 'பிரேக் இன்ஸ்பெக்டரம்மா' என்றால்தான் தெரியும். ஓடத் தகுதியா என்று லாரிக்கு எஃப்.சி. பார்ப்பது, லைசென்ஸுக்கு வருகிறவர்களை எட்டுப் போட வைப்பது, விபத்து நடந்தால் போய்ப் பார்த்துப் போலீசுக்கு அறிக்கை கொடுப்பது. இதுதான் பிழைப்பு. என் சம்பளம் குனிந்து பார்ப்பதற்காகக் கொடுக்கப்பட்டது என்று நான் எப்போதும் சொல்வேன். நிமிர்ந்து நின்று பார்ப்பதற்கு வாட்ச்மேன் போதும்.

இப்போது எவரும் குனிவதில்லை. பழங்கால வண்டிகளுக்குத் தனி வரிசையில் நம்பர் கொடுக்கலாம் என்று ஆனதிலிருந்து, ஷெட்டில் கோழி அடைந்துகிடந்த வண்டியெல்லாம் மெழுகு பூசிக்கொண்டு வெளியே வருகிறது. புதிதாக வந்த இன்ஸ்பெக்டர்கள் அதை ஒரு போட்டோ எடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். 'மேடம், இது ரேஸ் இன்ஜினா?' என்று கீழே ஒரு கேள்வி. கூடவே கும்பிடுகிற கை பொம்மை. போட்டோவைப் பார்த்துப் பெண்ணே ஒழுங்காகப் பார்க்க முடியவில்லை, இன்ஜின் எப்படிப் பார்ப்பது? ஒவ்வொருத்தரையும் தனித்தனியாகத் திட்டி அலுத்துவிட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். இங்கிலாந்து மோட்டார் சைக்கிள் கம்பெனி ஒன்று இருந்தது. பெயரை எழுத மாட்டேன். எழுதினால் நாளைக்கே பத்துப் பேர் டேங்கில் அந்தப் பெயரை ஒட்டிக்கொண்டு நிற்பார்கள். அந்தக் கம்பெனி ஒரே மாதிரி வண்டியில் இரண்டு வகை இன்ஜின் போட்டு விற்றது. ஒன்று தினம் வேலைக்குப் போகிறவனுக்கு. இரும்பு சிலிண்டர், அடக்கமான வேகம். இன்னொன்று பந்தயக்காரனுக்கு. அலுமினிய சிலிண்டர், பெரிய ஆயில் பம்ப், உள்ளே கனெக்டிங் ராடு முதற்கொண்டு முகம் தெரிகிற மாதிரி பாலிஷ், இன்ஜின் நம்பருக்கு முன்னால் தனியாகச் சில எழுத்துகள். தள்ளி நின்று பார்த்தால் அண்ணன் தம்பி போல இருக்கும். பந்தய இன்ஜின் நம் கரிசல் காட்டுப் பக்கம் வந்தது மிகமிகக் குறைவு. ஆனால் கேட்டுப் பாருங்கள், வசதியான வீட்டு ஷெட்டில் நிற்பதெல்லாம் அதுதான் என்பார்கள்.

நான் படித்த கதையைச் சுருக்கிவிடுகிறேன். பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் படித்த ஒரே பெண் நான். ஒர்க்‌ஷாப்பில் இன்ஜினைப் பிரிக்கும் நாளில், 'பாப்பா, நீ போய் ரெக்கார்டு எழுதும்மா' என்று வாத்தியார் அனுப்பிவிடுவார். பையன்கள் போன பிறகு நான் போய் அதையே மறுபடி பிரிப்பேன். வேலைக்கு வந்த பிறகும் அதே கதைதான். எஃப்.சி.க்கு வந்த டிரைவர்கள் என்னைத் தாண்டி எட்டிப் பார்த்து, இன்ஸ்பெக்டர் எப்போது வருவார் என்று என்னிடமே கேட்பார்கள். தரையில் தினத்தாளை விரித்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டிக்கு அடியில் போய்விடுவேன். வெளியே வந்து பிரேக் லைனில் கசிவு இருக்கிறது என்று திருப்பி அனுப்பும்போது இன்ஸ்பெக்டர் யார் என்று அவர்களுக்கே தெரிந்துவிடும்.

முதல் முதலில் 'ரேஸ் இன்ஜின்' என்று என்னிடம் வண்டி கொண்டுவந்தவர் புதியம்புத்தூரில் ரெடிமேட் சட்டை தைத்து விற்கிறவர். அவர் தைக்கிற சட்டை எல்லாவற்றிலும் காலருக்குள் லண்டன் என்று ஒரு லேபிள் இருக்கும். அந்தப் பழக்கம் வண்டி வரைக்கும் வந்துவிட்டது. சிலிண்டர் வெள்ளி மாதிரி மின்னியது. அலுமினியம் மேடம், சுத்தமான இங்கிலீஷ் அலுமினியம் என்றார். நான் பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்தேன். பழைய ரேடியோ ஸ்பீக்கரில் இருந்து கழற்றிய காந்தம். சிலிண்டரில் வைத்தேன், டப்பென்று ஒட்டிக்கொண்டது. மனிதர் காந்தத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, இங்கிலாந்து அலுமினியம் கொஞ்சம் கெட்டி ரகம் என்றார். சிரிக்காமல் சொன்னார், அதுதான் அவரிடம் எனக்குப் பிடித்தது.

இன்னொருவர் எழுத்தையே வெட்டிக்கொண்டு வந்தார். இன்ஜினின் அடிப்பெட்டியான கிராங்க் கேஸில் நம்பர் அடிக்க ஒரு சின்ன மேடை இருக்கும். அந்தக் காலத்தில் கம்பெனி ஆள் இரும்பு அச்சை வைத்துச் சுத்தியலால் ஒவ்வொன்றாக அடித்தான். அதனால் ஒரு எண் கொஞ்சம் மேலே ஏறும், ஒன்று சாயும். இவர் வண்டியில் எழுத்தும் எண்ணும் ஸ்கேல் வைத்தது போல நேர்கோட்டில் நின்றன. பழைய எண்ணைத் தேய்த்து எடுத்ததில் மேடை பள்ளமாகி, சுற்றியுள்ள உலோகம் சொரசொரப்பாக இருக்க அது மட்டும் வழவழவென்று இருந்தது. மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் உரசினால் போதும், நேற்று வெட்டியது இன்றைக்குத் தெரிந்துவிடும். கள்ளத்தனம் செய்கிறவன் கம்பெனிக்காரனை விடச் சுத்தமாகச் செய்துவிடுகிறான். அதில்தான் மாட்டுகிறான்.

இதெல்லாம் சில்லறைக் கூத்து. ஒரு மனிதன் ஜெயிலுக்குப் போகிற அளவுக்கு வந்த விவகாரம் ஒன்று உண்டு. அதைச் சொல்வதற்கு முன்னால் எங்கள் நமசிவாயம் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நமசிவாயம் சார் அப்போது எனக்கு மேலதிகாரி. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், கெட்டவராக இருப்பதற்கும் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். அவர் அறைக்குப் போனால் முதலில் டீ வரும். பிறகு ஊரில் மழை உண்டா என்று கேட்பார். நம் பக்கத்தில் இந்தக் கேள்விக்கு வருடம் முழுக்க ஒரே பதில்தான், இருந்தாலும் கேட்பார். அதன் பிறகு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே விஷயத்தைச் சொல்வார். எதையும் எழுத்தில் தர மாட்டார். எல்லாம் வாய்மொழிதான். கேட்டால், எழுதுறதுக்குத்தான் நீங்க இருக்கீங்களேம்மா என்பார். என் அறிக்கையை வாங்கி உதட்டை அசைத்து அசைத்துப் படிப்பார். 'உறுதியாக' என்ற சொல்லை எங்கே கண்டாலும் அடித்துவிட்டு 'ஒருவாறு' என்று போடுவார். ஒருவாறு பிரேக் வேலை செய்யவில்லை என்று ஒரு விபத்து அறிக்கை அவர் கையால் திருத்தப்பட்டுக் கோர்ட்டுக்கே போயிருக்கிறது. அவருக்கு ஒரு கொள்கையும் உண்டு. பார்க்காததை எழுதக்கூடாது, பார்த்ததை எல்லாம் எழுதக்கூடாது.

இனி விவகாரத்துக்கு வருகிறேன்.

கோவில்பட்டியில் பெரிய முதலாளி என்று ஒருவர் இருந்தார். தீப்பெட்டி ஆபீஸ் என்று எங்கள் ஊர் சொல்கிற தொழிற்சாலை வைத்து நடத்தியவர். வாலிபத்தில் மெட்ராஸில் இந்தக் கம்பெனி வண்டி ஒன்றை வாங்கி ஓட்டிக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தார். ரேஸ் இன்ஜின் என்று சொன்னார், ஊரும் கேட்டுக்கொண்டது. ரயிலை முந்திக் கடம்பூர் ஸ்டேஷனில் போய் உட்கார்ந்து டீ குடித்து முடித்த பிறகுதான் ரயில் வந்தது என்று ஒரு கதை உண்டு. அந்தக் காலத்துப் பாசஞ்சர் ரயிலை நல்ல சைக்கிள் வைத்திருந்தவனே முந்தியிருப்பான். அதை யாரும் சொல்லவில்லை. முதலாளி முந்தினார் என்றால் முந்தினார்தான்.

அவர் காலமான பிறகு வண்டி பேரன் கைக்கு வந்தது. பேரன் வெளியூரில் படித்தவன். வண்டியைப் பார்க்க கோயம்புத்தூரில் இருந்து பழைய வண்டி சேர்க்கிற ஒருவரை வரவழைத்தான். நண்பர்களையும் கூட்டி வைத்திருந்தான். வந்தவர் குனிந்து கொஞ்ச நேரம் பார்த்தார். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, வண்டி நல்ல வண்டி, ஆனால் இது சாதாரண இன்ஜின் என்று சொல்லிவிட்டு, கொடுத்த காபியைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

தாத்தா கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருப்பார் என்று நமக்கெல்லாம் தோன்றும். அந்த வீட்டில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. தாத்தா சொன்னது பொய்யாக இருக்காது, அப்படியென்றால் ரேஸ் இன்ஜின் இருந்திருக்கிறது, இப்போது இல்லை, ஆகவே எவனோ மாற்றிவிட்டான். இப்படிப் போயிற்று அவர்கள் கணக்கு. எவன் என்பதற்கு ரொம்ப யோசிக்கவில்லை. சண்முகையா இருந்தார்.

சண்முகையா நாகலாபுரத்துப் பக்கம் ஆடு மேய்க்கிற குடும்பத்தில் பிறந்தவர். சின்ன வயதில் தீப்பெட்டி ஆபீஸ் லாரிக்குக் கிளீனராக வந்து, டிரைவராகி, பெரிய முதலாளியின் வண்டிக்கும் அவரே எல்லாம் ஆனவர். சாவி முதலாளியிடம் ஒன்று, இவரிடம் ஒன்று. முதலாளி காலமான வருடம் ஆயுத பூஜை முடிந்ததும் பேரன் இவரிடம் சாவியை வாங்கிக்கொண்டு வேலையை விட்டு நிறுத்திவிட்டான். இவரும் ஊருக்குப் போய் ஆடு பார்த்துக்கொண்டிருந்தார். பேரன் கொடுத்த புகாரில் அங்கிருந்துதான் போலீஸ் கூட்டிக்கொண்டு வந்தது. இன்ஜினைப் புதைத்து வைத்திருப்பார் என்று ஆட்டுக் கொட்டிலைத் தோண்டிப் பார்த்தார்கள். ஆட்டுப் புழுக்கைதான் கிடைத்தது. தினமும் காலையில் ஸ்டேஷனுக்கு வந்து உட்கார வேண்டும், பொழுது சாய்ந்தால் போகலாம். அவர் மனைவி ஆட்டையும் பார்த்துக்கொண்டு, ஸ்டேஷன் வாசலுக்கும் வந்து நிற்பாள்.

வண்டியைப் பார்த்து அறிக்கை தரச் சொல்லி என்னைக் கூப்பிட்ட எஸ்.ஐ. ஒளிக்காமல் சொன்னார். மேலிடத்தில் இருந்து நெருக்குகிறார்கள். இன்ஜின் மாற்றப்பட்டிருக்கிறது என்று நீங்கள் எழுதினால் அன்றைக்கே ரிமாண்ட். இல்லையென்று எழுதினால் விட்டுவிடுவேன். இரண்டும் உங்கள் கையில்தான்.

பங்களா ஷெட்டில் வண்டி நின்றது. பேரன், எஸ்.ஐ., நான். ஒரு ஓரமாகக் கைகட்டிக்கொண்டு சண்முகையா. முதலில் ஆர்.சி.யையும் இன்ஜின் நம்பரையும் ஒப்பிட்டேன். எண்கள் சரியாக இருந்தன. அத்தோடு முடிந்திருக்க வேண்டும், முடியவில்லை. அந்தக் காலத்துக் கிளார்க்குகள் எண்ணை மட்டும் எழுதுவார்கள். முன்னால் இருக்கும் எழுத்துகளை இங்கிலீஷ்காரன் அழகுக்குப் போட்டது என்று விட்டுவிடுவார்கள். அதனால் அசலில் எழுத்து இருந்ததா இல்லையா என்று ஆர்.சி. சொல்லவில்லை. பேரன் அதைப் பிடித்துக்கொண்டான். சாதாரண இன்ஜின் ஒன்றைக் கொண்டுவந்து அதே எண்ணை வெட்டி மாட்டிவிட்டான் என்றான்.

நான் பென்சிலால் உரசி எடுத்தேன். எண்கள் கோணல்மாணலாக, கம்பெனிக்காரன் அடித்த அடியாகவே இருந்தன. மேடை தேய்க்கப்படவில்லை. இது மாற்றிய இன்ஜின் இல்லை என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. சொன்னேன்.

பேரன் பதறவில்லை. சிரித்தான். செல்போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினான். ரேஸ் இன்ஜினில் ஆயில் பம்ப் பெரிதாக இருப்பதால், சேஸிஸின், அதாவது வண்டிச் சட்டத்தின், வலது பக்கக் கீழ்க்குழாயை அந்த இடத்தில் உள்வாங்கி வளைத்திருப்பார்கள். நேர்க் குழாய் இருந்தால் பம்ப் இடிக்கும், அந்த இன்ஜின் உட்காரவே உட்காராது. இது உண்மை. எனக்கும் தெரியும்.

"நம்ம வண்டியில வளைவு இருக்கு மேடம், கீழ பாருங்க. சேஸிஸ் நம்பர் ஒரிஜினல். அப்ப ரேஸ் இன்ஜின்தானே இருந்திருக்கணும்?" என்றான்.

நான் தினத்தாளை விரித்துப் படுத்தேன். வளைவு இருந்தது. வலது பக்கத்தில், கிட்டத்தட்ட சரியான இடத்தில். நம்பர் மேடை ஒன்று சொல்கிறது, குழாய் இன்னொன்று சொல்கிறது. இரண்டும் இரும்புதான், ஒன்று பொய் சொல்கிறது. டார்ச்சை இன்னும் கிட்டத்தில் பிடித்தேன். அப்போதுதான் சந்தனத்தைப் பார்த்தேன்.

வளைவின் மேல் கையகலத்துக்குக் கெட்டியாகச் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம் வைத்திருந்தது.

உங்களில் யார் வேண்டுமானாலும் சொல்லுங்கள், வண்டிக்குப் பூஜை போட்டால் எங்கே பொட்டு வைப்பீர்கள்? ஹெட்லைட்டில் வைப்பீர்கள். டேங்கில், ஹேண்டில்பாரில், சக்கரத்தில் வைப்பீர்கள். ரொம்ப பக்தி என்றால் சைலன்ஸரில்கூட வைப்பீர்கள். மல்லாக்கப் படுத்து இன்ஜினுக்கு அடியில் இருக்கிற குழாய்க்குச் சந்தனம் வைக்கிற மனிதனை நான் என் சர்வீஸில் பார்த்ததில்லை. அதுவும் சித்திரை வெயிலில். ஆயுத பூஜை போய் எத்தனையோ மாதம் ஆயிற்று, சந்தனமோ இன்னும் ஈரமாக மணத்துக்கொண்டிருந்தது. வண்டியில் வேறு எந்த இடத்திலும் ஒரு பொட்டு இல்லை.

மண்ணெண்ணெய்த் துணியை எடுத்தேன். பேரன் குனிந்து, "மேடம், பூசை போட்டது. லேடீஸ் தொடக் கூடாது" என்றான்.

"எஃப்.சி.க்கு வாற எல்லா லாரியும் பூசை போட்டுத்தான் வருது. தொடாமலா இத்தன வருசம் சம்பளம் வாங்குனேன்?" என்று சொல்லிவிட்டுத் துடைத்தேன்.

பக்தியை வைத்து மறைத்தால் ஒரு பொம்பளை கை வைக்க மாட்டாள் என்று நினைத்திருக்கிறார்கள். கொஞ்சம் பெயிண்ட் அடித்து மறைத்திருந்தால்கூட எனக்குக் கூடுதலாக அரை மணி நேரம் பிடித்திருக்கும். அந்தப் புத்திகூட இல்லை.

சந்தனத்துக்குக் கீழே குழாயின் பெயிண்ட் வெடித்துச் செதில் செதிலாக எழும்பி நின்றது. இதைப் புரிந்துகொள்ள எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆயுத பூஜைக்கு முன்னால் தீப்பெட்டி ஆபீஸ் கதவு, ஜன்னல், மெஷின் எல்லாவற்றுக்கும் பெயிண்ட் அடிப்பார்கள். மிச்சம் இருக்கிற பெயிண்டை வண்டிக்கும் அடித்துவிடுவார்கள். இங்கிலாந்துக்காரன் ஆசையாகச் செய்த வண்டிக்குக் கதவுப் பெயிண்ட். அந்தக் கொடுமையை அந்த வீட்டில் நாலு தடவை செய்திருக்கிறார்கள். ஆக அந்தக் குழாயின் மேல் கலர் கலராக அடுக்கு இருந்தது.

நேராக இருந்த இடத்தில் பிளேடால் சுரண்டினேன். மேலே பச்சை, அதன் கீழ் காவி, அதன் கீழ் நீலம், மறுபடி பச்சை, கடைசியில் கம்பெனி கறுப்பு. சண்முகையாவைக் கூப்பிட்டு, அண்ணாச்சி, எந்தெந்த வருசம் என்னென்ன கலர் அடிச்சீங்க என்று கேட்டேன். அவர் தலை நிமிராமல் சொன்னார்.

"மொதல்ல பச்ச. அப்புறம் நீலம். பெரியவுக மக கல்யாணத்துக்குக் காவி. அவிய தவறுன வருசம் பூசைக்கு மறுபடி பச்ச அடிச்சேன், அதான் கடைசி."

ஒத்துவந்தது. எஸ்.ஐ.யையும் படுத்துப் பார்க்கச் சொன்னேன். கம்பெனியிலேயே வளைத்த குழாயாக இருந்தால் இத்தனை வருடத்துப் பெயிண்டும் வளைவின் மேல் வழுக்கிக்கொண்டு போயிருக்கும். இங்கே கறுப்பில் இருந்து கடைசிப் பச்சை வரைக்கும் எல்லா அடுக்கும் சேர்ந்து உடைந்திருந்தது. உடைந்த இடுக்கில் ஒரு சொட்டுப் பெயிண்ட் இறங்கவில்லை, இரும்பு பளிச்சென்று தெரிந்தது. கடைசிப் பச்சைக்குப் பிறகுதான் குழாயைப் பட்டறையில் கொடுத்து வளைத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு சாவி பங்களாவில். சண்முகையா ஆட்டோடு.

எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டு பேரனிடம் சொன்னேன். உன் படத்தில் இருப்பது சரிதான் தம்பி, வளைவு இல்லாவிட்டால் ரேஸ் இன்ஜின் உட்காராது. இந்தக் குழாய் இங்கிலாந்தில் இருந்து வரும்போது நேராக இருந்தது. அதனால் இந்த வண்டியில் ரேஸ் இன்ஜின் என்றைக்குமே உட்கார்ந்ததில்லை. இல்லாததை யாரும் திருட முடியாது.

அவன் முகம் சிவந்துவிட்டது. "அப்ப எங்க தாத்தா பொய் சொன்னாருங்கிறீங்களா?" என்றான்.

"உங்க தாத்தாவப் பரிசோதிக்க நான் வரல. வண்டியத்தான் பரிசோதிச்சேன்" என்றேன்.

அந்த இடத்தில்தான் எனக்கு உண்மையான கோபம் வந்தது. பேரன் மேல் இல்லை. சண்முகையா மேல். நாற்பது வருடம் அந்த வண்டியைக் கழுவி, பிரித்து, பூட்டிய மனிதருக்கு அது எந்த இன்ஜின் என்று தெரியாமல் இருக்குமா? முதல் நாளே ஸ்டேஷனில், இது எப்போதும் சாதாரண இன்ஜின்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கொட்டிலைத் தோண்டியிருக்க மாட்டார்கள், மனைவி வெயிலில் நின்றிருக்க மாட்டாள். நேருக்கு நேராகக் கேட்டேன். உமக்குத் தெரியுமா, தெரியாதா?

"பெரியவுக என்ன சொன்னாகளோ அதான் மேடம்" என்றார். கல்லோடு பேசினாலும் அது கொஞ்சம் எதிரொலிக்கும்.

அறிக்கையை எழுதிக்கொண்டு நமசிவாயம் சாரிடம் போனேன். டீ வந்தது. மழை உண்டா என்று கேட்டார். பிறகு உதட்டை அசைத்துப் படித்து முடித்து, மின்விசிறியைப் பார்த்தார். திருட்டு நடக்கவில்லை என்று எழுதியது நல்லது, அந்த ஏழைக்கு நல்லது என்றார். ஆனால் அந்த வண்டி ஆதியில் இருந்தே சாதாரண வண்டிதான் என்பதை எழுத வேண்டுமா, பெரிய குடும்பம், மனது புண்படும் என்றார். அதை எடுத்துவிட்டால் திருட்டு நடக்கவில்லை என்பதற்குக் காரணம் என்ன எழுதுவது என்று கேட்டேன். ஒருவாறு நடக்கவில்லை என்று எழுதலாமே என்றார். நான் அறிக்கையை அவர் கையில் இருந்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். மறுநாள் சார் திடீர் லீவ். அவருக்கு உடம்பு வலியாம். என் கையெழுத்தோடு மட்டும் அறிக்கை ஸ்டேஷனுக்குப் போனது. அன்றைக்கே சண்முகையாவை விட்டுவிட்டார்கள்.

பொய்ப் புகார் கொடுத்தவனை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. குழாயை வளைத்த பட்டறை எது என்றும் கேட்கவில்லை. நான் கேட்டதற்கு, அதெல்லாம் எதற்கு மேடம், முடிந்ததே என்று எஸ்.ஐ. சொன்னார்.

ஒரு வாரம் கழிந்திருக்கும். சண்முகையா என் ஆபீஸுக்கு வந்தார். நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்து, உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டே நின்றார்.

"எனக்குத் திருட்டுப் பட்டம் கட்டுனா ரெண்டு வருசத்துல ஊரு மறந்துரும் மேடம். பெரியவுக வண்டி சாதா வண்டின்னு எழுதிட்டீயளே. அதக் கொஞ்சம் மாத்தி எழுத முடியாதா?" என்றார்.

ஜெயில் வாசல் வரைக்கும் போய்த் திரும்பிய மனிதர், தன்னை அங்கே தள்ளிய குடும்பத்தின் தாத்தாவுக்காக வந்து நிற்கிறார். எனக்கு அழுகையும் வந்தது, அறைய வேண்டும் போலவும் இருந்தது. முதலில் இங்கேயிருந்து போங்கள் அண்ணாச்சி என்று சொன்னேன். போய்விட்டார். அதே மாதத்தில் பேரன் அவரைத் திரும்ப வேலைக்குச் சேர்த்துக்கொண்டான் என்று கேள்விப்பட்டேன். சேர்ந்துகொண்டார் என்றும்.

நான் ஓய்வு பெற்று வந்த பிறகு, போன வருடம், எங்கள் ஊரில் பழைய வண்டிக் கண்காட்சி ஒன்று நடந்தது. ஒரு மைதானத்தில் சாமியானா போட்டு, மைக் வைத்து, அமர்க்களம். என்ன கூத்து நடக்கிறது பார்ப்போம் என்று போனேன். கூட்டம் அதிகமாக நின்ற இடத்தில் எட்டிப் பார்த்தால், அதே வண்டி. கதவுப் பெயிண்டை எல்லாம் சுரண்டி எடுத்துக் கறுப்பு அடித்திருந்தார்கள். எங்கேயோ வாங்கிய அலுமினிய சிலிண்டர் மாட்டியிருந்தது. டேங்கில் ரேஸ் மாடலின் வட்டச் சின்னம். வண்டிக்கு அடியில் தரையில் ஒரு கண்ணாடி வைத்திருந்தார்கள், கீழ்க்குழாயின் வளைவு எல்லோருக்கும் தெரிவதற்காக.

பக்கத்தில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தவர் சண்முகையா. வலது பக்கக் குழாய் இப்படி உள்வாங்கி இருந்தால்தான் ரேஸ் இன்ஜின் உட்காரும், நேராக இருந்தால் அது டூப்ளிகேட் என்று சொன்னார். நான் எழுதிய வாக்கியம். தனக்கு வேண்டிய பாதியை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்துவிட்டார். ஓடி ஒளிவார் என்று நினைத்தேன். அவர் முகம் மலர்ந்தது.

"மேடத்துட்டயே கேளுங்க. இந்த வண்டியப் படுத்துப் பாத்து எழுதிக் குடுத்ததே அவியதான்" என்று கூட்டத்திடம் சொன்னார்.

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். எனக்கு வயிறு எரிந்தது. சும்மா விட்டுவிட நான் என்ன நமசிவாயம் சாரா?

"அந்த வளைவு இங்கிலாந்துல போட்டதில்ல. நம்ம ஊரு வெல்டிங் பட்டறையில போட்டது" என்று சத்தமாகச் சொன்னேன்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. மேடத்துக்கு எப்போதும் கிண்டல்தான், சர்வீஸில் இருக்கும்போதும் இப்படித்தான் என்று யாரோ சொன்னார்கள். எல்லோரையும் விட உரக்கச் சிரித்தவர் சண்முகையா. கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்குச் சிரித்து, துண்டால் துடைத்துக்கொண்டார். பேரன் ஓடி வந்து எனக்கு நாற்காலி போட்டான். ஐஸ் பெட்டியில் இருந்து ஒரு கலர் சோடா எடுத்து, மூடியைத் திறந்து, இரண்டு கையாலும் மரியாதையாக நீட்டினான். வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. வாங்கிக் குடித்தேன்.